417 ரூபாயும் ஒரு குறியீட்டு எண்ணும்

ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி சில்லறைப் பணவீக்கம் வெளியாகிறது. ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்குமா என்பதுதான் அன்றைய பேச்சு. பெங்களூரில் விலைக் குறியீடுகளை வேறு கவலையோடு பார்க்க வேண்டியவர்கள் பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் மைசூர் ரோட்டிலும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கர்நாடகத்தில் குறைந்தபட்ச ஊதியத்தோடு பஞ்சப்படியும் உண்டு. முந்தைய ஆண்டில் விலைக் குறியீடு ஏறிய அளவைக் கணக்கிட்டு, ஏப்ரல் 1 முதல் கூட்டித் தர வேண்டும். 2020 ஏப்ரலில் அந்த உயர்வு மாதத்துக்கு 417 ரூபாய். கொரோனாவைக் காரணம் காட்டி மாநில அரசு அதை ஓராண்டு தள்ளிவைத்தது. தொழிற்சங்கம் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் செப்டம்பரில் கொடுக்கச் சொல்லியும் கார்மென்ட்ஸ் ஆலைகள் பல கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் பெண்கள். கூட்டிப் பாருங்கள், மாதம் 16 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது! அத்தனையும் வீட்டுச் செலவுக்குப் போயிருக்க வேண்டிய பணம். துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகள் மீது நெருக்குதல் வந்த பிறகுதான், 2022 வாக்கில், பாக்கி கைக்கு வரத் தொடங்கியது.

இனி வரும் எண்களையும் இந்தப் பெண்களின் பக்கம் நின்றுதான் படிக்க வேண்டும் என்பேன். 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. உணவு விலை ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிட 5 சதவீதம் சரிந்ததுதான் முக்கியக் காரணம். அந்த ஆண்டு ரெப்போ வட்டி 6.5-இலிருந்து 5.25 சதவீதமானது. வீட்டுக் கடன் வாங்கியவருக்கு அதில் லாபம் உண்டு. ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? காய்கறி மலிந்த வருஷத்தில் குறியீடு மெல்ல ஏறும். அடுத்த ஏப்ரலில் பஞ்சப்படியும் மெலிந்துவிடும். தக்காளி விலை இறங்கியதென்று வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பதில்லை.

மாதக் கடைசியில் தொழிலாளர் பணியகம் இன்னொரு எண்ணை வெளியிடுகிறது: பஞ்சப்படிக் கணக்குக்கு அடிப்படையான, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீடு. அதற்காக விலை திரட்டும் 88 மையங்களில் பெங்களூரும் ஒன்று. அதற்கெனத் தனி எண் உண்டு. பத்திரிகைகள் அதை அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. 2016-ஐ அடிப்படையாக வைத்து அதைத் திருத்தியபோது, உணவின் பங்கு 46-இலிருந்து 39 சதவீதமாகக் குறைந்தது. வீட்டுச் செலவின் பங்கு 15-இலிருந்து 17 ஆனது. இது நாடு முழுவதற்குமான சராசரி. பொம்மனஹள்ளியில் குடியிருக்கும் ஒரு தையல் தொழிலாளியின் வாடகை 17 சதவீதத்துக்குள் அடங்கும் என்று நான் நம்பவில்லை.

அதிலும் வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அளக்கிறார்கள். அந்த ஏற்றம் ஜனவரி, ஜூலை எண்களில்தான் தெரியும். பெங்களூரின் பொருளாதாரத்தைக் கவனிப்பவர்கள் இந்த இரண்டு மாத எண்களையும் எடுத்துவைத்து, ஏப்ரலில் வரும் பஞ்சப்படி அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.