புகழ் வென்றது; சந்தை தோற்றது



ஒரு பொருள் நன்றாக இருந்தால் போதும், அது தானே விற்றுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அங்காடியின் இயல்பு அதுவன்று. அறிஞர் மெச்சிய பொருளும், அனுபவித்தவர் விரும்பிய பொருளும் விலைபோகாமல் மறைந்ததுண்டு. அவ்வாறு மறைந்தவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. பெங்களூரில் உருவான 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியே அது.

இந்திய அறிவியற் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சிலரும், என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் சிலரும் கூடி, 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். எளிய மக்கள் கையாளத்தக்க, மலிவான, பன்மொழிக் கணிப்பொறி வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 2001-இல் அதன் முதல் வடிவத்தை உலகிற்குக் காட்டினர்.

அதன் திறன்தான் என்ன? விசைப்பலகை இல்லை, திரையைத் தொட்டு இயக்கலாம். எழுத்தறியாதவர்க்கு இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்துக் காட்டும். ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அட்டை வைத்துக்கொண்டால், ஓர் ஊரே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம். 2004-இல் வந்த 'அமிடா' என்னும் வகையோ, கையின் அசைவையே உணர்ந்தது. கருவியைச் சாய்த்தால் திரையில் குண்டு உருளும் விளையாட்டும் அதில் இருந்தது. ஐபோன் வெளிவந்தது 2007-இல் என்பதை இங்கே நினைவிற்கொள்க!

அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் 2001-லேயே அதைப் போற்றியது. ஆயினும் விளைவு யாது? 50,000 கருவிகள் விற்கும் என்று எதிர்பார்த்தனர். 2005 வரை விற்றவையோ ஏறத்தாழ 4,000 மட்டுமே!

காரணங்களை ஆராய்வோம்.

முதற்காரணம் விலை. அமிடாவின் விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கியது. நகரத்து மேசைக் கணிப்பொறியோடு ஒப்பிட்டால் அது மலிவுதான். ஆனால் உழவனுக்கு அது மலிவா? ஆயிரக்கணக்கில் செய்தால் ஒரு கருவியின் அடக்கவிலை உயர்ந்தே நிற்கும். இலட்சக்கணக்கில் செய்தால்தான் இறங்கும். விலை இறங்கினால் விற்கும். விற்றால்தான் விலை இறங்கும். இந்தச் சுழலிலிருந்து சிம்ப்யூட்டர் மீளவில்லை.

இரண்டாவது காரணம், பயன்படுத்துவோர் ஒருவர், பணம் கொடுப்போர் மற்றொருவர் என்ற நிலை. ஊருக்கு ஒரு கருவி என்றால் அதை வாங்க வேண்டியவர் யார்? அரசோ, ஊராட்சியோ, ஒரு நிறுவனமோதான். அரசு வாங்குவதென்றால் கோப்பு நகர வேண்டும். ஒப்புதல் வர வேண்டும். பணம் கொடுக்க வல்ல நகரத்தானோ ஊர்ப்பொதுக் கருவியைத் தேடவில்லை.

மூன்றாவது காரணம், கருவிக்குள் இருக்க வேண்டிய செய்தி. சந்தை விலையும், நிலப் பதிவும், மருத்துவக் குறிப்பும் அன்றாடம் வந்து சேர்ந்தாலன்றோ அது சிற்றூருக்குப் பயன்படும்? அன்று இணைய வசதி பல சிற்றூர்களை எட்டவில்லை. நெல் இல்லாத ஊரில் அரைவை இயந்திரம் வைத்தது போலாயிற்று.

இதே கதை செல்வ நாடுகளிலும் நடந்தது. ஜப்பானின் சேகா நிறுவனம் 1998-இல் 'டிரீம்காஸ்ட்' என்னும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. இணையத்தில் பிறரோடு ஆட உதவும் மோடம் அதனுள்ளேயே இருந்தது. ஆடியவர்கள் இன்றும் அதை அன்போடு நினைக்கிறார்கள். ஆனால் சேகாவின் முந்திய பெட்டியான 'சாட்டர்ன்' பலருடைய நம்பிக்கையைக் குலைத்திருந்தது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெரிய நிறுவனம் டிரீம்காஸ்டுக்கு விளையாட்டுகள் செய்ய முன்வரவில்லை. 2000-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 2 வந்தது. அது டிவிடி படங்களையும் காட்டியது. 2001-இல் டிரீம்காஸ்ட் உற்பத்தி நின்றது. வாங்குகிறவன் பெட்டியை மட்டும் வாங்குவதில்லை. நாளை அதற்கு என்ன வரும் என்ற உறுதியையும் சேர்த்தே வாங்குகிறான்.

சிம்ப்யூட்டரின் 'பிளேஸ்டேஷன்' எது? கைப்பேசிதான். 2003-இல் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாயை முதலில் கட்டினால் கைப்பேசி என்று அறிவித்தது. அதற்கு ஊர்ப்பொது அட்டை வேண்டாம். அரசின் ஒப்புதல் வேண்டாம். ஊரில் இருக்கும் தாயோடு பேசலாம். அது ஒன்றே போதாதா? சிம்ப்யூட்டர் அறிவு தர வந்தது. கைப்பேசி உறவைத் தந்தது. மக்கள் எதற்குக் கைப்பணத்தை அவிழ்ப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் அம்பர்நாத்திலிருந்து நாள்தோறும் மின்ரயிலில் வருபவன். கீரைக்கட்டோடு ஏறும் அம்மையார், தொழிற்சாலைத் தோழர், மாட்டுங்காவில் இறங்கும் மாணவர் ஆகிய எல்லார் கையிலும் இன்று தொடுதிரை உண்டு. அது தமிழில் படித்துக் காட்டுகிறது, சாய்த்தால் உணர்கிறது. பெங்களூர் அறிஞர்கள் கண்ட கனவு நனவாயிற்று; ஆனால் அவர்கள் செய்த கருவியில் அன்று!

ஆகவே அவர்கள் அறிவில் குறை காண்பது பேதைமை. நம்மில் பொறியியல் பயில்வோர் பலர். நாளை நீங்கள் ஒன்றைப் படைக்கும்போது, "இது என்ன செய்யும்?" என்பதோடு நில்லாதீர்கள். "இதற்குப் பணம் கொடுப்பவர் யார்? அவர் இன்று அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுகிறார்?" என்றும் கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் விடை கிடைக்காத வினாக்கள் இவை. விடை கிடைக்குமிடம் நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் ரயில் பெட்டியிலேயே இருக்கிறது.