அதே பேச்சு, வேறு குரல்

ஓர் ஊராட்சிக்குப் பெண் தலைவரானால் என்ன மாறும்? இதற்கு நேர்மையாக விடை காண்பது கடினம். தானாகவே முன்வந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கும் ஊர் ஏற்கெனவே சற்று வேறு மாதிரியான ஊராகத்தான் இருக்கும். அங்கே குடிநீர் ஒழுங்காக வந்தால், அது தலைவியால் வந்ததா, ஊரின் குணத்தால் வந்ததா? இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் எந்த ஊருக்குப் பெண் தலைவர் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆராய்ச்சி நோக்கம் எதுவும் இல்லாமலே இந்தியா கிட்டத்தட்ட அதைச் செய்துவைத்திருந்தது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. மேற்கு வங்கத்தில் ஊராட்சிகளை அரசுப் பட்டியலின் வரிசை எண்படி அடுக்கி, மூன்றுக்கு ஒன்றாக எண்ணி ஒதுக்கினார்கள். அடுத்த தேர்தலில் முறை வேறு ஊர்களுக்குப் போகும். வரிசை எண்ணுக்கும் ஊரின் வசதிக்கும் மனப்போக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இதைக் கண்டுகொண்டவர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும், பின்னாளில் (2019-ல்) நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூரிலுமாக 265 ஊராட்சிகளின் கணக்கைச் சேகரித்து, 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதலில், ஊராட்சியிடம் பெண்கள் என்ன கேட்கிறார்கள், ஆண்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். ராஜஸ்தானில் பெண்கள் தண்ணீர் கேட்டார்கள். வேலை தேடி வெளியூர் போகும் ஆண்கள் சாலை கேட்டார்கள். வங்கத்திலோ பெண்களுக்குத் தண்ணீரும் வேண்டும், சாலையும் வேண்டும். சாலைப் பணியில் அவர்களுக்குக் கூலி வேலை கிடைத்தது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் பணம் போன வழியும் அச்சாக இதுவேதான். வங்கத்தில் இரண்டுக்கும் கூடுதல் செலவு. ராஜஸ்தானில் தண்ணீருக்குக் கூடுதல், சாலைக்குக் குறைவு. பீர்பூமில் புதிதாகப் போட்டவை, பழுது பார்த்தவை என்று சராசரியாக 9 குடிநீர் வசதிகள் அதிகம்.

'புருஷன்காரர்தானே பின்னாலிருந்து நடத்துகிறார்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அந்தத் தலைவிகளில் பலர் அதிகம் படிக்காதவர்கள், அரசியலுக்குப் புதியவர்கள், கணவரின் உதவியோடு இயங்கியவர்கள். ஆய்வு அதையும் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் அடிகுழாய்கள் வந்தன. ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பேன்.

ஆனால் ஊர் அவர்களை மெச்சவில்லை. வேலை குறைவில்லாமல் நடந்த இடங்களிலும், முதன்முதலாக வந்த பெண் தலைவர்களுக்கு மக்கள் குறைந்த மதிப்பெண்தான் போட்டார்கள். ஏன்? லோரி பீமன், ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா ஆகியோர் மேற்சொன்ன இருவருடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். கிராமக் கூட்டத்தில் தலைவர் ஒருவர் பேசுவது போன்ற சிறு உரை. அதே வரிகளை ஆண் குரலில் ஒரு முறை, பெண் குரலில் ஒரு முறை பதிவு செய்தார்கள். ஒருவருக்கு ஒரு குரலை மட்டும் போட்டுக்காட்டி, இந்தத் தலைவர் எப்படி என்று கேட்டார்கள். ஒதுக்கீடே வராத ஊர்களில் பெண் குரலுக்கு ஆண்கள் குறைவான மதிப்பெண் கொடுத்தார்கள். ஒதுக்கீடு வந்துபோன ஊர்களில் அந்த வித்தியாசம் கரைந்திருந்தது! 'தலைவராக யார் இருந்தால் பிடிக்கும்?' என்று கேட்டால் மட்டும் இவர்களும் பழையபடி ஆண் என்றே சொன்னார்கள். விருப்பம் மாறவில்லை, திறமையை எடைபோடும் விதம் மாறிவிட்டது.

இந்த மாற்றத்துக்குக் காலம் வேண்டும். இரண்டாவது முறை ஒதுக்கீடு வந்தபோது தலைவிகளுக்கான மதிப்பெண் தாழ்வு மறைந்தது. அதன்பின் பெண்களுக்கென்று ஒதுக்காத பதவிகளுக்கும் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டார்கள், வென்றார்கள். 495 கிராமங்களில் 11 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் நடந்த மற்றோர் ஆய்வு 2012-ல் வந்தது. மகனுக்கென்றும் மகளுக்கென்றும் பெற்றோர் வைத்திருந்த கனவுகளின் இடைவெளி, இரண்டு முறை ஒதுக்கிய ஊர்களில் 25 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளைகளின் சொந்தக் கனவுகளில் 32 சதவீதம். பள்ளிப் படிப்பில் இருந்த ஆண்-பெண் இடைவெளி இல்லாமலே போயிருந்தது. பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்தது.



ஆகவே ஒதுக்கீட்டின் அளவைப் போலவே, அது ஓர் ஊரில் எத்தனை காலம் நிற்கிறது என்பதும் முக்கியம். ஐந்தே ஆண்டில் முறை நகர்ந்துவிட்டால், முதல் தலைவி வசவைத் தாங்கியதன் பலன் அடுத்தவளுக்குக் கிடைப்பதில்லை. மக்களவை, சட்டமன்றங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கும் 2023-ன் 106-வது திருத்தம், ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகுதான் முறையை மாற்றச் சொல்கிறது. பீர்பூமின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், அந்தச் சட்டத்தில் நான் அதிகம் நம்பிக்கை வைக்கும் பிரிவு அதுதான்.