மலை செய்த கடல் நகரம்

தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்பவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை நினைவுக்கு வராது. அந்த மலைத்தொடரின் பொதிகை இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கண்ணெதிரே கப்பல், கண்டெய்னர், தோணி, உப்பளம், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. ஊரோ சமதளம். ஆனாலும் இந்த ஊரின் உப்பு, முத்து, துறைமுகம், குடிநீர் என்று எதைத் தொடர்ந்து போனாலும் அந்த மலையில்தான் போய் நிற்கும்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தோடு வருகிறது. மலை அதைத் தடுத்து மேலே ஏற்றுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து, மழையைக் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது அதே காற்று அழுந்தி, சூடேறி, வறண்டு போகிறது. கணவாய்களின் வழியாக வேகம் கூடி வரும் இந்த மேல்காற்றைக் கடலோர மக்கள் கச்சான் என்பார்கள். தூத்துக்குடிக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவம் மட்டுமே. மற்ற மாதங்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் உரியவை.

உழவருக்கு இது வறட்சி. உப்பளத்துக்கு இதுதான் பருவம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்ற விடுகிறார்கள். பாதியளவுக்கு வற்றும்போது சுண்ணாம்புச் சத்து படியும். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குவதற்குள் ஜிப்சம் படியத் தொடங்கிவிடும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்போதுதான் நாம் உண்ணும் உப்பு பூக்கிறது. அதற்குமேலும் வற்றவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். ஆகவே அந்தக் கட்டம் வருமுன் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். உப்பளத்தின் நுட்பமெல்லாம் இந்த இடைவெளியை அறிந்து நிறுத்துவதில் இருக்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிக உப்பு விளையும் பகுதிகளுள் ஒன்று இது. அந்த வெண்மையின் கூச்சத்தில் கண்ணையும், செறிந்த உப்புநீரில் காலையும் கொடுத்து உழைக்கும் ஆண்களும் பெண்களும் இல்லாமல் ஒரு மூட்டை உப்பும் வெளியே போகாது. அவர்களின் வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதினார்.

மழை குறைந்தால் ஆறுகளும் குறைகின்றன. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிக்கு வடக்கே இந்தக் கரையில் கலக்கும் வைப்பாறு போன்றவை மழைக்காலத்தில் மட்டுமே ஓடும் சிற்றாறுகள். வண்டலும் நன்னீரும் அதிகம் சேராத கடலில்தான் பவளம் வளரும். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் உருவாக இந்தத் தெளிவு ஒரு காரணம். சற்று ஆழத்தில், கடலடிப் பாறைத் திட்டுகளில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வாழ்கின்றன. அந்தத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தோலாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது.

மணல் துகள் சிப்பிக்குள் நுழைந்தால் முத்தாகும் என்று பலரும் நம்புகிறோம். உண்மையில் தேவைப்படுவது சிப்பியின் சொந்த உயிரணுக்களே. ஓடு சுரக்கும் போர்வைத் திசுவின் சில உயிரணுக்கள், காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ உடலின் உள்ளே தள்ளப்படுகின்றன. அவை அங்கே ஒரு பையாகப் பெருகி, தம் பழைய வேலையை அங்கேயும் தொடர்கின்றன. அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தின் தகடுகளைப் புரதப் பசை கொண்டு அடுக்கடுக்காக ஒட்டுகின்றன. ஒரு தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒளியலையின் நீளத்துக்கு நெருங்கிய அளவு. அதனால் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து முத்தின் மினுக்கத்தைத் தருகிறது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி இந்த அறிவைக் கொண்டு, தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் முத்தை வளர்த்துக் காட்டினார். இயற்கைப் பார்களிலோ 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பிறகு பெரிய குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்னும் கடலுக்குள் இறங்குகிறார்கள்.

துறைமுகத்தையும் ஆறே இடம் மாற்றியது. பாண்டியரின் கொற்கை, கிரேக்க வணிகர்கள் அறிந்திருந்த துறை. தாமிரபரணி மலையிலிருந்து சுமந்துவந்த வண்டல் கழிமுகத்தைத் தூர்த்துக் கடலைத் தள்ளிவிட்டது. இன்று கொற்கை கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அடுத்து எழுந்த காயலுக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தார். அதுவும் பழையகாயல் ஆயிற்று. கழிமுகத்துக்கு வடக்கே தள்ளியிருந்த தூத்துக்குடி வண்டலுக்குத் தப்பியது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இங்கே வந்தார்கள்.

தப்பியதே தவிர, ஆழம் கிடைக்கவில்லை. கப்பல்கள் நெடுந்தொலைவில் நங்கூரமிட, சரக்கைத் தோணிகள் சுமந்தன. கொழும்பு ஓரிரவுப் பயணத் தொலைவில் இருந்ததால் வியாபாரம் செழித்தது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியில் இருந்த அந்த வழியில் இந்தியக் கப்பல்களை ஓட்டினார். 1908-ல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் அவர்களோடு நின்றார். இன்றைய பெருந்துறைமுகம் மனிதர் செய்தது: ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கல் அலைத்தடுப்புகள் கடலுக்குள் நீண்டு, தூர்வாரிய நீர்ப்பரப்பை அணைத்து நிற்கின்றன. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் அது வ.உ.சி. பெயரைத் தாங்குகிறது.

குடிநீரும் அப்படி மனிதர் கொண்டுவந்ததே. உப்பு விளையும் மண்ணில் கிணறு வெட்டினால் உவர்நீர்தான் ஊறும். நகர்மன்றத் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, தாமிரபரணிக் கரையிலுள்ள வல்லநாட்டிலிருந்து குழாய்வழியே நீரைக் கொண்டுவரும் திட்டத்தை 1927-ல் நிறைவேற்றினார். மறுத்த மழைக்கு ஈடாக மலை ஆற்றைக் கொடுத்தது. ஆற்றை ஊர்க் குழாய்க்குக் கொண்டுவந்தது நகராட்சி.

பெரு நாட்டின் குஸ்கோ ஆண்டிஸ் மலையில் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு தலைகீழ். எக்குவடோர் பக்கத்து வெப்பக்கடலில் மூழ்கி எடுத்த ஸ்பாண்டிலஸ் என்னும் செந்நிற முட்சிப்பியை, மழை வேண்டி இன்காக்கள் மலையில் காணிக்கை வைத்தார்கள். குஸ்கோவுக்கு அருகிலுள்ள மராஸில் உவரூற்று நீரை மலைச்சரிவுப் பாத்திகளில் காயவைத்து, உள்ளூர்க் குடும்பங்கள் இன்றும் உப்பெடுக்கின்றன. மலைநகரம் கடலை வேண்டியது. நம் கடல்நகரமோ பனி பார்க்காத வெக்கையில், ஆகஸ்டு 5 அன்று பனிமய மாதாவுக்குத் திருவிழா எடுக்கிறது. தான் நிற்கும் மண்ணில் கிடைப்பதை மட்டும் கொண்டு எந்த நகரமும் வாழ்வதில்லை.

அந்தத் தொலைவுப் பிணைப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் காட்டியது. இதே மாவட்டத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. இந்தப் பகுதி ஓராண்டில் பெறும் மழையைவிட அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, உப்பளங்கள் மூழ்கின. சரிவே இல்லாத நகரத்தில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின.

கடல் பக்கத்திலும் கணக்கு இருக்கிறது. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தோம். 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு வேகமாகச் சுருங்கியது. கடலடியில் செயற்கைத் திட்டுகளை இறக்கி, அலையின் வேகத்தைத் தணித்து அதை மீட்கும் முயற்சி நடந்திருக்கிறது. அது காட்டிலாகாவுக்கு மட்டும் உரிய வேலை அன்று. வல்லநாட்டுக் குழாயை நகராட்சி தன் பொறுப்பாக ஏற்றதுபோல, தீவுகளையும் ஆற்றையும் மழைநீர் வடியும் ஓடைகளையும் மாநகராட்சி தன் பொறுப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு சிறு நகராட்சி வல்லநாடு வரை கை நீட்டியது. இன்றைய தூத்துக்குடிக்கு அதைவிடப் பெரிய கை இருக்கிறது.