ஹேர்வுட் மாளிகையின் கணக்கு

இங்கிலாந்திலே, லீட்ஸ் நகருக்கு வடக்கே, ஹேர்வுட் என்றொரு மாளிகை. எட்வின் லாசெல்ஸ் எனும் சீமான் 1759-ல் கடைக்கால் போட்டார், 1771-ல் குடிபுகுந்தார். உள்ளலங்காரம் ராபர்ட் ஆடம், நாற்காலி மேசை தாமஸ் சிப்பண்டேல்! பார்ப்போர் வாய் பிளப்பர், பிளக்கட்டும். பணம் ஏது என்று நாம் கேட்போம், தோழர்களே!

கரும்பிலே வந்த பணம். எட்வினின் தந்தை ஹென்றி, பார்படோஸ் தீவிலே சுங்க அதிகாரி, சர்க்கரை வியாபாரி, தோட்ட முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தவர். பிற்பாடு, கடன் திரும்பாத தோட்டங்கள் குடும்பத்தின் கைக்கு வந்தன. தோட்டத்தோடு ஆப்பிரிக்க அடிமைகளும், ஆடுமாடுபோல!

1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. நட்ட ஈடும் உண்டு, 2 கோடி பவுன்! யாருக்கு? சவுக்கடி பட்டவனுக்கா? அல்ல, சவுக்குக்குச் சொந்தக்காரனுக்கு! 1,277 பேருக்காக ஹேர்வுட் பிரபு பெற்றது 26,000 பவுனுக்கு மேல். அடிமைக்கோ சல்லிக் காசில்லை. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை, வாரத்தின் பெரும்பகுதி கூலியின்றி அதே தோட்டத்தில் பாடுபட்டான்.

அந்த ஈட்டுக்காகச் சர்க்கார் வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி தீர்ந்தது எப்போது? 2015-ல்! தீர்த்தது வரிப்பணம். லீட்ஸ் ஆலைத் தொழிலாளி கட்டிய வரி. பார்படோசிலிருந்து பிழைக்க வந்து லண்டனிலே பஸ் ஓட்டிய, அடிமையின் பேரப்பிள்ளை கட்டிய வரி!