எலக்ட்ரிக் கிட்டார்: முதன்முறை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கையிலுள்ள தொகை முழுவதையும் கிட்டாருக்கே செலவிட்டுவிடுவது, எலக்ட்ரிக் கிட்டார் கற்கத் தொடங்குவோர் பலர் செய்யும் தவறாகும். இக்கருவியின் உடற்பகுதி பெரும்பாலும் உள்ளீடற்ற கூடு அன்று; திடமான மரம். எனவே கம்பியின் ஓசை தானாகப் பெருகாது. கம்பிகளின் அதிர்வை ‘பிக்-அப்’ எனப்படும் காந்தச் சுருள் மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அதை உரக்க ஒலிக்கச் செய்வது ஆம்ப்ளிஃபயர். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே தொகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பயிற்சிக்கு 10 வாட் ஆம்ப்ளிஃபயர் போதுமானது. ஹெட்ஃபோன் இணைப்பு வசதி இருந்தால் அண்டை வீட்டாருக்கும் தொந்தரவு இராது.

கிட்டாரில் நிறத்தைவிடக் கழுத்துப்பகுதி முறுக்கின்றி இருப்பதே முக்கியம். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்தி மீட்டி, கரகரப்பு உள்ளதா எனக் கடையிலேயே சோதிப்பது அவசியம். கம்பிகள் அதிக உயரத்தில் இருந்தால் விரல்கள் வலித்து, பயிற்சியில் ஆர்வம் குன்றக்கூடும். வாங்கும்போதே உயரத்தைச் சரிசெய்து தருமாறு கேட்பது நலம்.