பனையில் பதநீர் வடிவது நட்டமல்ல. ஓலை குறைவதே நட்டம்

"பாளை சீவினால் மரத்துச் சத்தெல்லாம் வடிந்து பனை பட்டுப் போகாதா?" விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்கிறவரே தம் பனையில் ஓலை வெட்ட ஆள் விட்டிருப்பார். கவலைப்பட வேண்டியது எதற்கு என்று பார்ப்போம்.

இரண்டு வகைச் சாறு

ரஷ்யா, பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில் பிர்ச் என்ற மரத்தில் துளையிட்டுச் சாறு எடுத்துக் குடிக்கிறார்கள். பனி உருகும் காலத்தில், இலை துளிர்க்கும் முன், வேர் மேலே தள்ளும் நீர் அது. அதில் சர்க்கரை சுமார் 1 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகு காய்ச்ச ஏறக்குறைய 100 லிட்டர் சாறு வேண்டும். கம்பம் பகுதித் திராட்சையில் கவாத்து செய்த இடத்தில் சொட்டும் நீரும் இதே வகைதான். சில நாளில் தானே நின்றுவிடும். கொடிக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

பதநீர் அப்படியல்ல. ஓலைகள் வெயிலில் தயாரித்த சர்க்கரை, பூவுக்கும் நுங்குக்கும் போகும் வழியில் பாளையில் வடிகிறது. இதில் சர்க்கரை 10 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் கருப்பட்டி காய்ச்ச முடிகிறது. சீவிய பாளையில் நுங்கு கிடைக்காது. ஆனால் முறையாகச் சீவினால் மரம் சாகாது.

ஓலையில் கவனம்

பெட்டி முடைய, கூரை வேய, சிவகாசிப் பக்கம் ஓலை வெடி சுற்ற என்று ஓலைக்கு எப்போதும் தேவை உண்டு. பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். அதற்கு மேல் வெட்டினால் சர்க்கரை தயாரிக்கும் இடமே குறைகிறது. அந்த நிலையில் பாளையும் சீவினால் மரம் இருபுறமும் இழக்கிறது.

செய்ய வேண்டியவை

* பதநீர் இறக்கும் மரத்தில் பருவம் முடியும் வரை பச்சை ஓலை வெட்ட வேண்டாம்.
* பிறகு வெட்டும்போதும் அடி ஓலைகளை மட்டும், ஆண்டுக்கு 12-க்குள் எடுக்கவும்.
* குருத்தைத் தொடாதீர்கள். பனைக்கு வளரும் முனை ஒன்றே. அது போனால் மரமே போகும்.
* கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுங்கள். இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும்; கள் இறக்க தமிழகத்தில் தடை உள்ளது.
* மரத்தை வெட்டும் முன் யோசியுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்துள்ளது.

மழை பொய்த்த ஆண்டிலும் கரிசல் காட்டு வரப்பில் நின்று வருமானம் தருவது பனை. ஓலையை விட்டு வைத்தால் பாளை தொடர்ந்து பதநீர் தரும்.