கறுப்புச் சேறும் எருமை மேய்ப்பவர்களும்

ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் ஏரி என்றால் கரை கட்டித் தேக்கிய நீர். மழை பொய்த்தால் தரை வெடித்துக் கிடக்கும். நீலகிரியின் மேல்மலைப் புல்வெளியிலோ கரையும் கிடையாது, மதகும் கிடையாது; ஆனாலும் மழையில்லாத மாதங்களிலும் ஓடைகளில் நீர் ஓடும். புல்மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் படிந்திருக்கும் கறுப்புச் சேறு மழைநீரைப் பிடித்து வைத்து மெல்லக் கசியவிடுகிறது. அந்தச் சேற்றுக்குப் பெயர் பீட்.

செத்த புல்லும் கோரையும் நீருக்குள் காற்றுப்படாமல் கிடப்பதால் முழுதாக மக்குவதில்லை. 2,000 மீட்டர் உயரத்துக் குளிரும் அதற்குத் துணை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் சேராது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் தோண்டியெடுத்த சேற்றின் அடிப்பகுதி சுமார் 40,000 ஆண்டுகள் பழமையானது. கடந்த 20,000 ஆண்டுகளில் இங்கே எப்போது புல் ஓங்கியது, எப்போது சோலை பரவியது என்பதை இந்தச் சேற்றின் கார்பனை அளந்தே ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

உலக நிலப்பரப்பில் பீட் சுமார் 3 விழுக்காடுதான். அதில் அடங்கிய கார்பனோ உலகக் காடுகளின் மரம் செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகம். வாய்க்கால் வெட்டி உலர்த்தினால் சேறு மக்கத் தொடங்கி, அந்தக் கார்பன் சத்தமில்லாமல் காற்றில் கலக்கும். இந்தோனேசியாவில் 1997இலும் 2015இலும் பற்றியெரிந்து புகையாகவே கலந்தது.

நீலகிரியில் கேடு மரத்தின் உருவில் வந்தது, அதுவும் காடு வளர்ப்பு என்ற நல்ல பெயரில். விறகுக்காக வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டிலையும் யூகலிப்டஸையும், சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை புல்வெளிகளில் பெருமளவில் நட்டது. வாட்டில் பட்டை தோல் பதனிட உதவியது. மரம் சிறுமுகை ரேயான் ஆலைக்குப் போனது. புல்வெளியைத் தரிசு என்றே எண்ணிய காலம் அது. கிளென்மார்கனில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டிலேயே நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்துக்குத் தப்பிய பள்ளங்கள் பலவற்றில் வடிகால் வெட்டி உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டார்கள்.

இழந்தவர்களில் முதல் வரிசையில் தோடர்கள். மொத்தமே சுமார் 2,000 பேர். அவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளிதான் தோப்பானது. மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளில் உள்ள பால்கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் சதுப்பில்தான் முளைக்கிறது. சதுப்பு காய்ந்தால் கோயில் கூரைக்கும் தட்டுப்பாடு. ஆகவே இங்கே சதுப்பை மீட்பதும் பிழைப்பைக் காப்பதும் இரண்டு திட்டங்கள் அல்ல.

அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கை வகுத்தது. வாட்டிலை வெட்டுவது சுலபம். அதன் விதையோ மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். வெயில் பட்டதும் முன்பைவிட அடர்த்தியாகக் கிளம்பும். கன்றுகளை ஆண்டுதோறும் கையால் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டு, வடிகால்களை அடைத்தால்தான் பள்ளத்தில் நீர் நிற்கும். வெட்டிய மரத்தை விற்றுப் பணம் பார்க்கலாம். கன்று பிடுங்குவதில் செலவு மட்டுமே உண்டு. அந்தச் செலவை மலைக்காரர்களின் நிரந்தர வேலையாக மாற்றலாமே! வெளியூர் ஒப்பந்ததாரர் ஒரு பருவத்தோடு இறங்கிவிடுவார். மந்துகளில் இருப்பவர்களுக்கு எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் நீர் ஊறும் என்பது தெரியும். மேய்ச்சல் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் ஏற்கிறது.

சிக்கல் கேரட் பாத்தியில்தான். அரை ஏக்கர் பள்ளத்தை நம்பிப் பிழைப்பவரிடம் போய், வடிகாலை அடைத்துக்கொள் என்று சும்மா சொல்ல முடியாது. பள்ளத்தின் அடிப்பகுதியை மட்டுமாவது நீருக்கு விட்டுக்கொடுப்பவருக்கு, அங்கே விளைந்திருக்கக்கூடிய காய்கறியின் விலையைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் ஈடு கொடுக்கலாம். அந்த நீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கிறது அரசு. முதல் பங்கை அங்கிருந்தே கேட்கலாம்.